பாதி கரைந்த துத்தநாகமும் ஒரு டப்பா நீலப் பெயிண்டும்

ஓர் இரும்பு மேடை இந்த வருடம் தேறுமா தேறாதா என்று பார்க்கத்தான் போன சனிக்கிழமை கிளம்பினேன். உவரிக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊர். அங்கே வள்ளங்களிலிருந்து மீன் இறக்க மிதவை மேடை ஒன்று உண்டு. மாதா கோயில் திருவிழாவுக்கு முன்பாக, வருடத்துக்கு ஒருமுறை அதைக் கரையேற்றுவார்கள். கங்கைகொண்டானில் பட்டறை வைத்திருக்கும் நான்தான் அதன் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தினேன். உப்புத்தண்ணீர் அந்தக் கட்டியைத் தின்று, இரும்பை விட்டுவிடும்.

திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் காலை ஆறரை மணி பஸ். வள்ளியூர் 43 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கிருந்து ஆட்டோ 600 ரூபாய். "கடக்கரைக்கா? காத்து பிச்சி எடுக்கும், துண்டத் தலையில கட்டிக்கிடும்" என்றார் ஓட்டுநர். சொன்னது சரிதான், வழியெல்லாம் காற்றாலைகள்.

முதல் வருடம் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். கொடியேற்றத்துக்கு முன் அந்த ஊரில் கதவு, வள்ளம், விளக்குக் கம்பம் என்று எதையும் விடாமல் நீலப் பெயிண்ட் அடிப்பார்கள். என் கட்டிகளுக்கும் அடித்துவிட்டார்கள்! பெயிண்ட் மூடினால் துத்தநாகம் கரையாது. அடுத்த வருடம் பார்த்தால் கட்டி புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கிறது, பக்கத்து இரும்பு பொரிந்து கிடக்கிறது. இன்னும் தேய்ந்தால் மேடையை எடுத்துவிடுவோம் என்று மீன்வளத் துறையிலிருந்து சோதிக்க வந்த பொறியாளர் அம்மா சொல்லிவிட்டார். எடுத்தால் பெண்கள் பழையபடி இடுப்பளவு அலையில் நின்று கூடை சுமக்க வேண்டும். ஊர்த் தலைவர் ஜெரோம் அண்ணாச்சியிடம் கத்தினேன்.

"அழகா இருக்கட்டும்னுதான வே அடிச்சோம்" என்றார். மனுசனை என்ன செய்ய? புதுக் கட்டிகள் பொருத்திவிட்டு, "அது கரையத்தான் அண்ணாச்சி வச்சிருக்கு, தொட்டுராதீங்க" என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

இந்தச் சனிக்கிழமை மேடை மணலில் ஏறியிருந்தது. அடியில் சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசிய பெயிண்ட் நன்றாகவே நின்றிருந்தது. ஒட்டியிருந்த கொஞ்சம் சிப்பியும் சுரண்டியதும் உதிர்ந்தது. கட்டியைப் பார்த்தேன். கடித்துவைத்த கருப்பட்டி போல, பாதிதான் மிச்சம். எனக்கு உடம்பெல்லாம் சிரிப்பு.

பொறியாளர் அம்மா கருவியை வைத்துத் தகட்டின் கனத்தை இடம் இடமாகப் பார்த்தார். "போன வருசம் ஏழு மில்லிமீட்டர். இந்த வருசமும் ஏழுதான். மேடை இருக்கட்டும்" என்றார். கரையில் கூடைகளோடு நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நானும் சத்தமாகவே சொன்னேன்.

தேய்ந்த கட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டி முடித்தபோது, அண்ணாச்சி ஒரு டப்பா நீலப் பெயிண்டோடு வந்தார். எனக்குப் பகீர் என்றது.

"பதறாதீரும். புதுசத் தொட மாட்டோம்" என்றவர், பழைய கட்டியைக் கையிலெடுத்தார். "எங்களுக்காகத் தேஞ்சது. இது இனிமே கடலுக்குப் போவாதுல்லா?"

"போவாது."

"அப்ப இதுக்கு அடிக்கலாமா வே?"

பிரஷ்ஷை வாங்கி முதல் கோட்டை நானே இழுத்தேன்.

போகிறவர்கள் திருவிழா வாரத்தில் போங்கள். மாலை ஆறுக்கு மேல் ஆட்டோ கிடைக்காது, திரும்பும் ஆட்டோவை முன்பே பேசிவையுங்கள். கொடிமரத்தடியில் நீல நிறத்தில் ஒரு பாதிக் கட்டி, கேந்திப்பூ மாலையோடு இருக்கும். அதைத் தொட்டுப் பார்க்கலாம், ஆனால் ஊரில் ஆளுக்கொரு கோடு இழுத்துக்கொண்டே இருப்பதால் பெயிண்ட் இன்னும் காய்ந்திருக்காது.