ஷைஸ்தா மேடமும் வாப்பாவின் மூட்டையும்

மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வேதிப் பொறியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பெயர் கணேசபாண்டியன். குடுவையை உடைத்தால் மாணவன் என்ன, டீன் என்ன, யாராயிருந்தாலும் சண்டைக்குப் போவேன். நான் வாய் திறக்காத ஒரே ஆள் ஷைஸ்தா மேடம்.

மேடம் தாராவிப் பெண். அவருடைய வாப்பா கரீம் பாட்சா, கடையநல்லூர்க்காரர். பழைய பிளாஸ்டிக்கை வகை பிரித்து, அரைத்து, மூட்டை கட்டி விற்பவர். ஒரு துண்டைக் கொளுத்தி, புகையை முகர்ந்தால் போதும், இன்ன பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுவார். மேடம் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, இந்தக் கல்லூரிக்கே மாணவியாக வந்து, டாக்டர் பட்டம் வாங்கி, இங்கேயே ஆசிரியரும் ஆனார். அவர் பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சுகூட போனை உள்ளே வைத்துவிடும். அப்படியும் பேராசிரியர் பதவி இரண்டு தடவை கைநழுவிப் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ சிரித்துக்கொண்டே, கழிவு பிளாஸ்டிக்கைச் சூடேற்றி எண்ணெயாக்கும் உலை ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். ஆறு வருட உழைப்பு.

மூன்றாவது தடவை, உலை ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் பதவி பற்றி முடிவு என்று தேர்வுக் குழு சொல்லிவிட்டது. அன்றைக்கு வேண்டிய பிளாஸ்டிக் துண்டுகளை வாப்பாவே மூட்டை கட்டி அனுப்பினார். மற்றவர் தரும் சரக்கை மூன்று முறை சோதிக்கும் மேடம், அந்த மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் தொழிலில் அது வழக்கம். உறவுக்காரர் கட்டிய மூட்டைக்குள் கைவிட்டுப் பார்ப்பது, உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி.

குழுவினர் ஐந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். நான் மூட்டையைப் பிரித்து உலையின் வாயில் கொட்டினேன். கொட்டுகிற சத்தம் வழக்கத்தைவிடக் கனத்துக் கேட்டதுமே மேடம் முகம் மாறியது.

“நிறுத்துங்க அண்ணாச்சி.”

ஒரு துண்டை எடுத்து, லைட்டரில் கொளுத்தி, புகையை முகர்ந்தார். எங்கே நின்று தெரியுமா? ‘ஆய்வகத்தில் எதையும் முகராதீர்கள்’ என்று அவரே கையெழுத்துப் போட்டு மாட்டிய போர்டுக்குக் கீழே! பிறகு குழுவைப் பார்த்து, இதில் பி.வி.சி. கலந்திருக்கிறது, சூடேற்றினால் அமில வாயு கிளம்பும், இன்று உலை ஓடாது என்றார். மூக்கை வைத்துத்தான் ஆராய்ச்சியா என்று ஒருவர் சிரித்தார். எனக்குக் கை பரபரத்தது. ஆனால் மேடம் செம்புக் கம்பி கேட்டார். ஓடிப்போய் ஒரு பழைய வயரை உரித்துக் கொடுத்தேன். கம்பியைப் பர்னரில் பழுக்கக் காய்ச்சி, துண்டில் ஒற்றி, மறுபடி தீயில் காட்டினார்.

அடேயப்பா, அந்தப் பச்சையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! தீ முழுக்கப் பச்சை. குளோரின் இருந்தால் செம்புக் கம்பி காட்டிக்கொடுத்துவிடும், பி.வி.சி.யில் குளோரின் உண்டு. சிரித்த மனிதரே எழுந்து வந்து, கம்பியை வாங்கி மூன்று தடவை செய்து பார்த்தார். சரக்கு யார் கொடுத்தது என்று கேட்டார்கள். என் தகப்பனார்தான், ஆனால் சோதிக்காமல் எடுத்தது என் தப்பு என்றார் மேடம். அவர்கள் எதையோ எழுதிக்கொண்டு எழுந்து போனார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் உட்கார்ந்துவிட்டேன்.

பதின்மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. பேராசிரியர்! ஆறு வருட உழைப்பும் பதவியும் போனாலும் பரவாயில்லை என்று, ஆபத்தைக் கண்டதும் உலையை நிறுத்தியவர் என்று குழு குறிப்பு எழுதியிருந்ததாம். துறை முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் வாப்பா புது மூட்டையோடு வந்தார். மூட்டையின் வாயை அவரே அவிழ்த்தார்.

“கொரோனா வந்ததுலேர்ந்து எனக்கு வாசமே தெரியமாட்டேங்கு மவளே. வெக்கத்துல யார்ட்டயும் சொல்லல. கைய விட்டுப் பாரு.”

மேடம் கோட்டுக் கையை மேலே சுருட்டிவிட்டார். பிறகு முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளினார். அதை மேஜையில் பரப்பி, பர்னரைப் பற்றவைத்து, செம்புக் கம்பியை வாப்பா கையில் கொடுத்தார். எப்படிப் பார்ப்பது என்று ஒரு தடவை செய்து காட்டினார். வாப்பா ஒவ்வொரு துண்டாக ஒற்றிப் பார்த்தார். பத்தாவது துண்டுக்கும் பச்சை வரவில்லை. ஆய்வகத்தைப் பூட்ட நேரமாகிவிட்டது. வாப்பா பர்னரை அணைக்க விடவே இல்லை.