நடுத்தாளில் தோணிக்காரன் இல்லை

எங்கள் வீட்டில் எது வந்தாலும் மூன்றாகப் பங்கு வைப்பார்கள். பலாப்பழம் மூன்று பங்கு, தீபாவளித் துணி மூன்று பங்கு, கிணற்றடியில் துணி உலர்த்தும் கொடிகூட மூன்று. கொச்சி மட்டாஞ்சேரியில் அரிசி மொத்த வியாபாரம் செய்த என் மாமனார் தன் மூன்று மகன்களுக்கும் விட்டுப்போன ஒழுங்கு அது. சண்டை வராமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி. சண்டை வராமல் இல்லை. ஆனால் அந்த ஒழுங்கில் ஒரு படகு மட்டும் மூன்று துண்டாகிப் போனது.

நான் நடு மருமகள். என் கணவர் இறாலை உறையவைத்து ஜப்பானுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். எழுபதுகளில் சரக்கைச் சோதிக்க ஜப்பானிலிருந்து ஆட்கள் வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டில் சில முறை சாப்பிட்டார். ஊருக்குத் திரும்பும் முன், மரப்பலகையில் செதுக்கி மை தடவி அச்செடுத்த படம் ஒன்றை வீட்டுக்குப் பரிசாகக் கொண்டுவந்தார். ஒரு படம், மூன்று தாளில்.

ஏன் மூன்று தாள் என்று நான்தான் கேட்டேன். வீட்டில் கல்லூரி வரை படித்தவள் என்பதால் அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்கும் வேலை எனக்கு. கடையிலிருந்து வந்த பழுப்புத் தாள் ஒன்றை அவர் மேசையில் விரித்து மடித்துக் காட்டினார். முழுத் தாளைப் பாதியாக வெட்டினால் வருவது ஓபான். நல்ல படங்கள் பெரும்பாலும் அந்த அளவு. அதில் பாதி சூபான். வீட்டுத் தூணில் தொங்கவிடுவதற்கென்றே ஆறு விரல், ஏழு விரல் அகலத்தில் நெடுநெடுவென்று இன்னொரு அளவு உண்டாம். படம் ஓபானுக்குள் அடங்காவிட்டால் தாளைப் பெரிதாக்குவதில்லை. பலகையும் தாளும் அந்த அளவோடு சரி. பக்கத்தில் இன்னொரு ஓபானை வைத்து, கோடு கோட்டைத் தொடும்படி செதுக்குவார்கள். மூன்றையும் ஒட்டி வைத்தால்தான் படம்.

இதையெல்லாம் நான் மொழிபெயர்த்தேன். கணவரின் அண்ணன், என் பெரிய மச்சினர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான்.

"மூணு தாளா? அப்பச் சரியாப் போச்சு. ஆளுக்கு ஒண்ணு."

"இது ஒரே படம், அத்தான்" என்றேன்.

"ஒரே வீட்டுலதானே இருக்கப் போகுது?"

விருந்தாளி குடித்த சாயா கோப்பையைக் கழுவுவதற்குள் பங்கு முடிந்துவிட்டது. ஆற்றைக் கடக்கும் ஒரு நீளமான தோணி அந்தப் படம். இடது தாளில் தோணியின் முனையும் அக்கரை மரங்களும். அது பெரியவருக்கு. நடுத்தாளில் மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருக்கும் பயணிகள். அது எங்களுக்கு. வலது தாளில் தோணிக்காரனும் இக்கரையும். அது கொழுந்தனுக்கு.

எங்கள் தாளைச் சட்டம் போட இவர் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது அது சிறுத்திருந்தது. நான் சட்டக் கடைக்கே போய்க் கேட்டேன்.

"பத்து இஞ்சுக்குப் பதினாலு சட்டம்தான் ரெடியா இருக்கு, சேச்சி. லட்சுமி, முருகன், மாதா, எல்லாரும் அதுலதான் இருக்காங்க. ஜப்பான்காரனுக்கு மட்டும் தனி அளவா? ஓரத்துல கொஞ்சம் எடுத்தேன். பன்னெண்டுக்குப் பதினெட்டுல போட்டா சுத்தி வெள்ளை தெரியும், பாக்க நல்லாவா இருக்கும்?"

மேலும் கீழும் வெட்டியதோடு, இரண்டு பக்கமும் விரல் அகலம் போயிருந்தது. கோடு கோட்டைத் தொடவேண்டிய இடம் அதுதான். வெட்டிய துண்டுகளைக் கேட்டேன். பசை கிளறப் பயன்படுத்தினேன் என்றார்.

பிறகு வீடே பங்கானது. பெரியவருக்குக் கடைத்தெருவில் இருந்த அரிசிக் கடையும் வீட்டின் கீழ்த்தளமும். எங்களுக்கு மாடி. கொழுந்தன் தன் பங்கை வாங்கிக்கொண்டு காயலுக்கு அக்கரையில் இருக்கும் வைப்பின் தீவுக்குப் போனார். போவதற்கு முன்பே, கிணற்றை யார் எப்போது பயன்படுத்துவது என்ற தகராறில் அவரும் பெரியவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் கடைப்படியை மிதிக்கமாட்டேன் என்று தம்பி சொல்லிவிட்டுப் போனது தெருவுக்கே கேட்டது.

எங்கள் ஒரே மகள் அதற்குப் பிறகு பிறந்தவள். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டது. ஆறாம் வகுப்பில் இருந்தபோது மாடி ஏறினாலே உதடு நீலமாகும். வேலூரில் அறுவை சிகிச்சை என்று முடிவானது. டாக்டர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை. படுக்கையிலேயே கிடந்த அந்த மாதங்களில் அவள் கட்டிலுக்கு எதிரே இருந்தது நடுத்தாள்.

"அம்மா, இந்த வள்ளத்த யாரு தள்றா?"

"சித்தப்பா வீட்டுத் தாள்ல ஒரு ஆள் இருக்கான்."

"அவன் ஒழுங்கா தள்றானா?"

"தள்ளுவான், மோளே."

"நீ பாத்தியா?"

பார்த்திருந்தேன். ஆனால் நினைவில்லை. அன்றைக்குக் கோப்பை எடுப்பதிலும் மொழிபெயர்ப்பதிலும் எதை நான் சரியாகப் பார்த்தேன்?

வேலூருக்குக் கிளம்பும் வாரத்தில் அவள் கேட்டது இது ஒன்றுதான். போவதற்கு முன் மூன்று தாளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பொம்மை கேட்கவில்லை, பலகாரம் கேட்கவில்லை. இதுகூட முடியாதா என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மழையில் படகேறி வைப்பினுக்குப் போனேன். கொழுந்தன் தாளுக்குச் சட்டமே போடவில்லை. செய்தித்தாளில் சுற்றி மெத்தைக்கு அடியில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டக்கூட இல்லை.

"நாளைக்குச் சாயந்திரம் ரயில். ஒரு மணி நேரம் குடுங்க, தம்பி. நானே திருப்பிக் கொண்டுவந்து தர்றேன்."

"வேற ஆள் கையில தரமாட்டேன், அண்ணி. அங்க போச்சுன்னா அவரு மூணையும் சேத்துத் தன் கடையில மாட்டிக்குவாரு."

"அப்ப நீங்களே கொண்டு வாங்க."

"எங்க? அந்தக் கடைக்கா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அறையலாம் போலிருந்தது. அவர் மனைவிதான் குறுக்கே வந்தாள். "அக்கா, சாயா ஆறுது. குடிங்க." குடிக்காமல் எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பெரியவர் கடைக்குப் போனேன். அங்கே வேறு கூத்து. படம் மாட்டிய வாரமே ஒரு பெரிய வியாபாரம் படிந்ததாம். அதிலிருந்து இடது தாள் சாமி வரிசையில் சேர்ந்துவிட்டது. பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவில், கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலையோடு தோணியின் முனை. சாம்பிராணிப் புகையில் ஆறு பழுப்பாகியிருந்தது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கு வச்ச படத்த எறக்கறதா? நாளைக்கு வா, எடுத்துத் தர்றேன்" என்றார்.

"இன்னிக்குச் சாயந்திரம் ரயில், அத்தான்."

"நல்ல காரியத்துக்குப் போறீங்க. அதுக்குத்தான் சொல்றேன், எறக்கக் கூடாது."

பெரிய ஓரகத்தி கடையின் பின்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "பங்கு வச்ச சாமானுக்குத் திரும்பப் பங்கா? நாளைக்குக் கிணத்தயும் சேத்து வைக்கச் சொல்லுவா!"

"அக்கா, சாமானா எனக்கு வேணும்?" என்று கத்திவிட்டேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கத்தியால் எங்கள் சட்டத்தின் ஆணிகளை நெம்பி நடுத்தாளைப் பிரித்தேன். அட்டையோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள். தாள் தனியாக வரவில்லை. அட்டையோடே எடுத்துக்கொண்டேன்.

மாலையில் டாக்சி வந்தது. பெட்டிகள், பிளாஸ்க், மகள். கடைக்கு எதிரே நிறுத்தச் சொன்னேன். "இறங்காத படத்துக்கு இப்ப எதுக்கு?" என்றார் என் கணவர். "படம் இறங்கலேன்னா நாம இறங்குவோம்" என்றேன்.

எதிர்ப்புறம், மூடியிருந்த ஒரு சரக்குக் கிட்டங்கியின் தாழ்வாரத்தில் கொழுந்தன் நின்றிருந்தார். கையில் பாலிதீன் சுற்றிய சுருள். எவ்வளவு நேரமாக நின்றாரோ, சட்டை தோளில் ஒட்டியிருந்தது. தெருவைக் கடக்காமல் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா" என்று மகள் கூப்பிட்டாள். சத்தம்கூட வரவில்லை, மூச்சுதான்.

அவர் வந்து அவளைத் தூக்கிக்கொண்டார். அவளோடு கடைப்படியை ஏறினார். பெரியவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் துண்டால் துடைத்தார். அவள் அதில் உட்கார்ந்தாள்.

இடது தாள் சுவரில் தலைக்கு மேல் இருந்தது. என் கணவர் பலகை மேல் ஏறி லட்சுமிக்கு முன்னால் நடுத்தாளைப் பிடித்தார். அதற்கு அடுத்து, அரிசி மூட்டை மேல் நின்று கொழுந்தன் வலது தாளை விரித்தார். வெட்டுப்படாமல், ஓரத்து வெள்ளையோடு, அந்த மனிதர் கொண்டுவந்த அளவிலேயே இருந்தது அது. பக்கத்தில் எங்கள் தாள் குட்டையாகத் தெரிந்தது.

"சித்தப்பா, கொஞ்சம் கீழ. அப்பா, நீங்க ஏன் ஆட்றீங்க?"

"ஆட்டல, மோளே."

"ஆடுது."

ஆடத்தான் செய்தது. சேரவும் இல்லை. ஒரு பக்கம் சட்டத்து மரம், மறுபக்கம் பசையாகப் போன அந்த விரல் அகலம். தோணிக்காரனின் கழி எங்கள் தாள் தொடங்கும் இடத்தில் அறுந்து நின்றது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. இத்தனை ஆண்டு, இத்தனை பேர், ஒரு படகை முழுசாக வைத்திருக்கத் தெரியவில்லை.

மகள் வெகுநேரம் பார்த்தாள். டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

"அம்மா, அவன் தள்ளவே இல்ல."

"என்னது?"

"கழிய ஊணிட்டு நிக்கறான். அங்க பாரு."

பார்த்தேன். வலது தாளின் கரையோரத்தில், எந்த மொழிபெயர்ப்பிலும் நான் கவனிக்காத ஒரு பெண், முந்தானை போன்ற எதையோ பிடித்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்து ஓடிவந்துகொண்டிருந்தாள். தோணிக்காரன் அவள் பக்கம் திரும்பி நின்றான். பயணிகள் எல்லாரும் அதனால்தான் அத்தனை அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் கெளம்பலம்மா. அவங்க ஏறட்டும்னு நிக்குது" என்றாள். பிறகு, "போதும், போலாம்."

பெரியவர் அவள் நெற்றியில் குங்குமம் வைத்தார். அது தோணிக்கு வைத்த கிண்ணத்திலிருந்துதான்.

அவள் பிழைத்து வந்தாள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள், நெஞ்சின் நடுவில் ஒரு தழும்போடு. அவள் மாடி ஏறும் சத்தம் நடுவில் நின்றால் இன்றைக்கும் என் கை வேலை நின்றுவிடுகிறது. எத்தனையாவது படியில் நிற்கிறாள் என்று காது போகிறது.

அன்று மாலையே மூன்று தாளும் மறுபடி பிரிந்துவிட்டன. ஒன்று சாமி வரிசையில், ஒன்று வைப்பின் மெத்தைக்கு அடியில், எங்களுடையது அட்டையோடு எங்கள் பெட்டியில். வேலூரிலிருந்து வந்ததும் சட்டக் கடைக்குப் போய், மூன்று ஓபான் அகலத்துக்கு ஒரே சட்டம் செய்யச் சொன்னேன். "அந்த அளவுல யாரும் கேக்கமாட்டாங்களே, சேச்சி" என்றார். நான் கேட்கிறேன் என்றேன். செய்து தந்தார். அது பீரோவுக்குப் பின்னால் காலியாக நிற்கிறது. ஒவ்வொரு பண்டிகைக்கும் பெரியவரிடமும் கொழுந்தனிடமும் சொல்லிப் பார்க்கிறேன். இருவரும் தலையாட்டுகிறார்கள். பிறகு சர்க்கரைப் பொங்கலை மூன்றாகப் பங்கு வைத்து எடுத்துக்கொண்டு போகிறார்கள்.