ஆடுகோடியில் ஒரு சட்டிப் பால்

புதுப் பைசா வந்த மறு வருஷம், மே மாதம், வேலூர் வெயிலுக்குப் பயந்து பெங்களூர் போனேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. தங்கை கமலா ஆடுகோடியில் குடியேறி ஓராண்டுகூட ஆகவில்லை. அவள் கணவர் வைத்தியர். புது இடத்தில் அவர் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்க்கவும் ஆசை. போகிறவர்களுக்கு உதவுமே என்றுதான் இதை எழுத நினைத்தேன். இப்போது எழுத வேறு காரணமும் சேர்ந்துவிட்டது.

காட்பாடியில் காலை ஏழு மணிக்கு வண்டி. பகல் ஒன்றரைக்குக் கண்டோன்மென்ட். அங்கிருந்து ஆடுகோடி நாலைந்து மைல். ஜட்காக்காரப் பாய் ஒன்றரை ரூபாய் கேட்டு ஒன்றேகாலுக்குச் சம்மதித்தார். "ஸ்வல்பம் இறங்கி நடங்கம்மா, மேடு ஜாஸ்தி," என்று இரண்டு இடத்தில் என்னை இறக்கிவிட்டார். கூலியும் கொடுத்து, குதிரைக்குத் துணையாக நடக்கவும் செய்தேன். காற்று குளுகுளுவென்று இருந்ததால் கோபம் வரவில்லை.

தங்கை வீட்டுப் பின்பக்கம் எட்டிக்கொட்டையைச் சுத்தி செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. எட்டி விஷம், அந்த விஷத்தை முறித்தால்தான் வாதத்துக்கு மருந்து. கொட்டையை ஊறவைத்து, பசும்பாலில் சிறு தீயில் வேகவைத்து, தோலை உரித்து, பிளந்து, உள்ளே இருக்கும் முளையைக் கிள்ளி எறிந்துவிட்டு நெய்யில் வறுக்க வேண்டும். விஷம் காய்ச்சும் வீடு என்று தெருவே முதலில் ஒதுங்கியதாம். பக்கத்து வீட்டு ரோஸம்மாதான் முழங்கால் வலிக்குத் துணிந்து மருந்து வாங்கியவர். அவர் நன்றாக நடப்பதைப் பார்த்த பிறகே மற்றவர்கள் படியேறினார்கள்.

கொட்டையை எடுத்த பிறகு சட்டி நிறையப் பால் நின்றது. அதைக் குழி தோண்டிப் புதைக்க மாப்பிள்ளை கடப்பாரை எடுக்கப் போயிருக்கிறார். எனக்கு அது தெரியாது. விஷம் தோலிலும் முளையிலும்தானே, பால் என்ன செய்தது என்பது என் மேதாவித்தனம். பாலை மண்ணில் கொட்டினால் பாவம் என்று வளர்ந்தவள் நான். மனிதருக்கு வேண்டாம், வாயில்லா ஜீவனாவது குடிக்கட்டும் என்று வேலியோரம் நின்ற ரோஸம்மாவின் நாய்க்கு ஒரு தட்டில் ஊற்றினேன். புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு வேறு!

கொஞ்ச நேரத்தில் நாய் கால்கள் விறைத்து விழுந்தது. யாராவது பேசினால்கூட அதன் உடம்பு வில்லாக வளைந்தது. தெரு கூடிவிட்டது. மாப்பிள்ளை காலித் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என் தப்புதாம்மா. பாலை மூடாம போயிட்டேன்," என்றார் ரோஸம்மாவிடம்.

வீட்டுக்கு வந்தவளைத் தெருவில் தலைகுனிய வைக்கக் கூடாதென்று முந்திக்கொண்டார். நான் பதறி, "இல்லை, நான்தான் ஊத்தினேன்," என்றேன்.

"சும்மா இருங்கக்கா. ஊருக்குப் போறவங்கதானே, பழியையும் தூக்கிட்டுப் போயிடலாம்னு பாக்கறீங்களா?" என்றார் ரோஸம்மா. கூட்டமும் தலையாட்டியது.

வெளிச்சமும் சத்தமும் பட்டால் வலிப்பு கூடும் என்று மாப்பிள்ளை நாயை இருட்டறையில் கிடத்தினார். வளையல் ஓசை ஆகாது என்று என்னை உள்ளே விடவில்லை. வளையல்களைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அழக்கூட முடியவில்லை, அதுவும் சத்தம்தானே. விளக்கு வைக்கும் நேரத்தில் நாய் எழுந்து தண்ணீர் குடித்தது.

மறுநாள் ரோஸம்மா மருந்து டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தார். "மருந்து மேல குறை இல்லீங்க வைத்தியரே. வாயில வைக்க பயமா இருக்குது." அதன் பிறகு நான் இருந்த வரையில் வேறு யாரும் படியேறவில்லை. மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். லால்பாக் கூட்டிப்போனார்கள், என்ன பூ பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை.

போகிறவர்கள் கோடையிலும் ஒரு போர்வை கொண்டுபோங்கள். மூட்டுவலி இருந்தால் ஆடுகோடியில் இறங்கி வைத்தியர் வீடு எது என்று கேளுங்கள். 'நாய்க்கு விஷம் வைத்த வீடா?' என்பார்கள். நான் கிளம்பிய அன்று வந்த ஜட்காக்காரருக்கும் அப்படித்தான் வழி காட்டினார்கள். ஆமாம், அதே வீடுதான் என்று சொல்லுங்கள். வைத்தது வேலூர் வாத்தியாரம்மா என்பதையும் சொல்லுங்கள். நான் சொன்னபோது நம்பவில்லை. சம்பந்தமில்லாத நீங்கள் சொன்னால் நம்பக்கூடும்.