கேட்காமல் வட்டமிட்ட பதினேழாம் கேள்வி

சர்வே வேலைக்கு வரும் புதுப் பிள்ளைகளுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். வீடு தேர்ந்தெடுப்பது, ஃபார்ம் நிரப்புவது எல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிடும். சாப்பிட்டு வந்ததும் இதைச் சொல்வேன். இது எனக்குப் பெருமை தரும் கதை ஒன்றும் இல்லை.

1. ஒரு நாளைக்கு ஆறு

இரண்டாயிரங்களின் தொடக்கம். அத்தா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பா விருதுநகர் மிளகாய் மண்டியில் தரகர். பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னை வேலைக்கு அனுப்பியதே பெரிய காரியம். குடும்ப நலம், மனநலம் பற்றிய சர்வே அது. அட்டையில் கிளிப் மாட்டிய காகித ஃபார்ம், ஒரு பேனா, குடை. வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் கேட்க வேண்டும், அதுவும் தனியாக.

சூப்பர்வைசர் தனராஜ் சார் முதல் நாளே சொல்லிவிட்டார். "இந்தாம்மா மும்தாஜ், ஒரு நாளைக்கு ஆறு ஃபார்ம். ஒரு கட்டம் காலியா இருந்தாலும் ஆபீஸ்ல திருப்பி விட்டுருவாக. அப்புறம் அதே வெயில்ல நீதான் நடக்கணும், நான் நடக்க மாட்டேன்."

பதினேழாம் கேள்வி இது: 'கடந்த ஒரு மாதத்தில், உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியதா?' ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2, கேட்கவில்லை என்றால் 9. மூன்றில் ஒன்றை வட்டமிட வேண்டும்.

1 வந்தால் அங்கேயே நிறுத்தி, ஆறுதலாகப் பேசி, ஒரு ரோஸ் சீட்டு கொடுக்க வேண்டும். அதைக் காட்டினால் பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரை நேராகப் பார்க்கலாம். மறுநாளே சாரும் ஒரு நர்ஸம்மாவும் வீட்டுக்கு வருவார்கள். 9 போட்டால், ஏன் கேட்கவில்லை என்று பின்பக்கம் அரைப்பக்கம் எழுத வேண்டும். அந்த அரைப்பக்கத்துக்குச் சோம்பல்பட்டு எங்கள் டீமில் ஒருத்தரும் 9 போட்டதில்லை. கல்யாண வீடு, பிள்ளை பிறந்த வீடு, வெள்ளிக்கிழமை என்று கேட்க வாய் வராத இடத்திலெல்லாம் 2 போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். யாரும் சொல்லித் தரவில்லை. தானாகவே படிந்துவிட்டது.

2. பத்திரிகை வைத்திருந்த வீடு

ஆமத்தூரில் ஒரு வீடு. பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக் கொடுப்பவர்கள். அன்று வெள்ளிக்கிழமை. நான் பேச வேண்டியது வீட்டு மருமகள் செல்வராணியிடம். இருபத்தாறு வயது, நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. கையெல்லாம் பசை. பக்கத்தில் மாமியார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு. நாத்தனாருக்குப் பத்து நாளில் கல்யாணம்.

"இவுககிட்ட மட்டும் தனியாப் பேசணும்மா" என்று இழுத்தேன்.

"எங்களுக்குள்ள என்ன தாயி ஒளிவு மறைவு? பத்திரிகை வச்சிருக்குற வீடு. நல்ல வார்த்தையா நாலு கேளுங்க, மோரு குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார் மாமியார்.

நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து ஆரம்பித்தேன். தூக்கம் வருகிறதா? "வருது." பசி எடுக்கிறதா? "எடுக்குது." செல்வராணி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்வை முழுக்க என் அட்டைமேல். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினேழு வந்தது. பாய் வீட்டுப் பொண்ணு வந்து கல்யாண வீட்டில் சாவுப் பேச்சு எடுத்தாள் என்று ஊரே பேசுமே என்று பயம். வாயைத் திறக்காமல் 2ஐ வட்டமிட்டேன். "குடிதண்ணி எங்கிருந்து எடுக்குறீங்க?" என்று பதினெட்டுக்குப் போனேன். சுருட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "அம்புட்டையும் கேட்டுட்டீகளா அக்கா?"

"கேட்டுட்டேன்மா" என்றேன். அன்றைக்கு அது ஆறாவது ஃபார்ம். சந்தோஷமாக பஸ் ஏறினேன், பாவி.

3. பெண்கள் வார்டு

மூன்று வாரம் கழித்து தனராஜ் சார் ஒரு ஃபார்மோடு வந்தார். "ஆமத்தூர்ப் பொண்ணு சாகத் துணிஞ்சிருச்சும்மா. உசுர் பொழைச்சது தெய்வச் செயல். பதினேழுல ரெண்டு போட்டிருக்கியே, கேட்டியா?"

"கேட்டேன் சார். இல்லைன்னாங்க."

பொய் சொல்லிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வராணி படுத்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. கோபமே இல்லை அந்தக் குரலில்.

"கல்யாணத்துக்கு முன்ன நான் சிவகாசியில அச்சாபீஸ்ல எழுத்துக் கோத்தவக்கா. ஈய எழுத்தெல்லாம் தலைகீழாத்தான் நிக்கும். அதனால தலைகீழா வாசிக்கிறது எனக்குப் பழக்கம். நீங்க பதினாறு கேக்கும்போதே நான் பதினேழ வாசிச்சிட்டேன். அத்தை இருந்தா இருக்கட்டும், கேட்டதும் ஆமான்னு சொல்லிப்புடணும்னு நெஞ்சக் கெட்டியாக்கிக்கிட்டு இருந்தேன். நீங்க கேக்காமலே இல்லைன்னு வட்டம் போட்டீக. சரி, கேக்கக்கூட ஆகாத விசயம் போலன்னு விட்டுட்டேன்."

அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னைச் சொந்தக்காரி என்று நினைத்துத் தேற்றினார்கள்.

மறுநாள் சாரிடம் உண்மையைச் சொன்னேன். "போனது போச்சு, வெளிய சொல்லாத" என்றார். நான் ஃபார்மை வாங்கி 2ஐ அடித்துவிட்டு 9ஐ வட்டமிட்டேன். பின்பக்கம் அரைப்பக்கம் எழுதினேன். பத்து நிமிடம்தான் ஆனது.

4. மல்லாங்கிணறு

செல்வராணியை மாமியார் வீட்டார் மல்லாங்கிணற்றில் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். 'புத்தி பேதலிச்சவகிட்டப் பிள்ளையக் குடுக்க முடியாது' என்று குழந்தையை மாமியார் வைத்துக்கொண்டார். எத்தனை பேர் போய்ப் பேசியும் நடக்கவில்லை. நானும் போனேன். கதவைத் திறக்கவில்லை.

ரோஸ் சீட்டோடு செல்வராணியைப் பார்க்கப் போனேன். அந்தக் கேள்வியை அன்றுதான் அவளிடம் வாய் திறந்து கேட்டேன். "வார்டுல குடுத்த மாத்திரை சாப்பிட்டதுலருந்து அப்படித் தோணலக்கா. பாப்பா நெனப்பு வந்தாத்தான் தாங்க முடியல" என்றாள். டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். பிறகும் மாதாமாதம் கூடப் போனேன். மருந்து அவளைத் தேற்றியது. குழந்தை திரும்பி வரவில்லை.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்கிறேன்: கேட்க வாய் வராவிட்டால் 9 போடுங்கள். அடுத்தவர் பதிலை நீங்கள் எழுதிவிடாதீர்கள்.

அந்தப் பெண் குழந்தைக்கு இப்போது கல்யாண வயது. பத்திரிகை அடித்தால், மஞ்சள் தடவிய ஒன்று மல்லாங்கிணற்றுக்கு வருமா என்று செல்வராணி என்னிடம் கேட்கிறாள்.