பார்ஷோனுக்குத் தர வேண்டிய மரியாதை

ஹங்கேரிச் சமவெளியில் பொய் சொல்லாத குதிரைக்காரன் இன்னும் பிறக்கவில்லை. வெண்டெல் மட்டும் என்ன விதிவிலக்கா? ஆனால் மற்றவர்களைப் போல் குதிரையின் வயதை அவர் குறைத்துச் சொல்லவில்லை. தன் கறுப்புக் குதிரை பார்ஷோன் கல்யாணச் சாரட்டு இழுத்தது என்றார். அது இழுத்ததோ பிணவண்டி.

மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்தே வெண்டெலுக்கு அந்த வண்டிதான் பிழைப்பு. சாராயக் கடையில் அவர் பக்கத்து நாற்காலி எப்போதும் காலி. கை குலுக்கினால் ஆட்கள் ரகசியமாகக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார்கள். தொழிலுக்கென்று வைத்துக்கொண்ட சோக முகம் நாளடைவில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர் மனைவி எதெல்கா சொல்வாள்: “உன் மூஞ்சியப் பாத்தா செத்தவனே எழுந்து உனக்கு ஆறுதல் சொல்லுவான்யா.”

பிறகு பிணவண்டிக் கம்பெனிக்காரர்கள் மோட்டார் வண்டி வாங்கினார்கள். பார்ஷோனைக் குதிரை இறைச்சியில் சாசேஜ் போடுகிறவனுக்குத் தள்ளிவிடுவதாகப் பேச்சு. வெண்டெலுக்குப் பிரிவு உபசாரமாக ஒரு சுவர்க்கடிகாரம் கொடுக்க வந்தார்கள். கடிகாரம் வேண்டாம், குதிரையைக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு வந்தார்.

“கடிகாரத்துக்குப் புல்லு போட வேண்டாமே,” என்றாள் எதெல்கா. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் லாயமும் இல்லை, வைக்கோலுக்கு வழியும் இல்லை.

அப்போதுதான் மூன்று ஊர் தள்ளி, உடம்பு ஒத்துழைக்காத குழந்தைகளைக் குதிரையில் உட்காரவைத்து நடத்தும் ஒரு இடத்துக்குச் சாதுவான குதிரையும் அதைப் பிடித்து நடக்க ஓர் ஆளும் தேவை என்று கேள்விப்பட்டார். குதிரை நடக்கும் நடை குழந்தையின் இடுப்பை நடக்கிற மாதிரியே அசைக்குமாம். முறுக்கிக்கொண்ட தசை குதிரையின் உடல் சூட்டில் இளகுமாம். இதையெல்லாம் விளக்கியவள் அங்கே பயிற்சி கொடுக்கும் ஹைனல்கா. பார்ஷோனின் நடையைப் பார்த்து அவள் மயங்கிவிட்டாள். அவசரமே இல்லாத, ஒரே சீரான நடை. பின்னே, அந்த வண்டியில் வந்த யாருக்கு அவசரம் இருந்தது?

“கல்யாணக் குதிரை கறுப்பாவா இருக்கும், மாமா?” என்று கேட்டாள் ஹைனல்கா.

“பொண்ணு வெள்ளை கவுன்ல இருக்கும். குதிரையும் வெள்ளைன்னா போட்டோல என்னம்மா தெரியும்?”

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று வெண்டெலுக்கே தெரியாது. பிணவண்டிக் குதிரை என்றால் எந்தத் தாய் தன் நோஞ்சான் பிள்ளையை ஏற்றிவிடுவாள்? ஊர்ப் பெண்கள் அந்த வண்டி எதிரே வந்தாலே கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொள்வார்கள். பொய்யை விட்டால் பார்ஷோனுக்குச் சாசேஜ் கடைதான் போக்கிடம்.

பொய் நிலைத்தது. ஆனால் குதிரையிடம் ஒரு வினோதப் பழக்கம் இருந்தது. சாவு வீட்டு வாசலில் நின்று ஹை ஹை என்று கத்த முடியுமா? சாட்டையைச் சொடுக்க முடியுமா? பாதிரியார் ஜெபித்து முடித்ததும் தெருவிலிருக்கும் ஆண்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றுவார்கள். அப்போது வண்டி கிளம்பும். இத்தனை வருஷத்தில் பார்ஷோன் படித்த ஒரே பாடம் அதுதான்: தலையிலிருந்து தொப்பி இறங்கினால் நடக்கலாம். மற்றபடி கயிற்றை இழுத்தாலும் சரி, காரட்டைக் காட்டினாலும் சரி, அசைந்து கொடுக்காது.

ஆகவே ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் வெண்டெல் தொப்பியை எடுத்து எதிரே இருக்கிறவர்களுக்கு வணக்கம் வைப்பார். ஆள் இல்லாவிட்டால் வேலிக்கு வைப்பார். “இவ்வளவு மரியாதை தெரிஞ்ச மனுஷனை நான் பாத்ததே இல்லை,” என்று ஹைனல்கா எல்லாரிடமும் சொன்னாள். வெண்டெல் கூச்சத்தில் நெளிவார்.

ஏமாறாதவள் ஒருத்திதான், பொரோக்கா. ஆறு வயது. பிறக்கும்போதே மூளையில் பட்ட அடியில் இடது கை மடங்கி, முஷ்டி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. வாய் மட்டும் இரண்டு ஊருக்குப் போதும். கையைத் தூக்க வைக்க ஹைனல்கா பலூன் கட்டிப் பார்த்தாள், மணி கட்டிப் பார்த்தாள், வெண்ணெய் பிஸ்கட்டைத் தலைக்கு மேலே பிடித்துப் பார்த்தாள்.

“எனக்குப் பசிக்கல. நீயே தின்னு,” என்றாள் பொரோக்கா.

அவளுடைய அம்மா இபோல்யா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள். அந்தக் கை ஒரே ஒரு முறை மேலே போவதைப் பார்த்துவிட்டால் போதும் அவளுக்கு. வேறு ஆசையே கிடையாது.

ஒருநாள் குதிரை மேலிருந்தபடி பொரோக்கா கேட்டாள். “மாமா, வேலிக்கு எதுக்கு வணக்கம் வைக்கிற?”

“வேலிக்கு இல்லடி. குதிரைக்கு மரியாதை.”

“வைக்கலைன்னா?”

“கோவிச்சுக்கும்.”

அவள் யோசித்தாள். வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை.

குளிர்காலத்தில் புதாபெஸ்டிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். குதிரை இந்த வேலைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் நாள். அவர் குடையை விரித்தார், பந்தை உருட்டினார், தகரத்தைத் தட்டினார். பார்ஷோன் கண்கூட இமைக்கவில்லை. ஒப்பாரியையும் பேண்டு வாத்தியத்தையும் கேட்டு வளர்ந்த குதிரைக்குத் தகரம் எந்த மூலைக்கு?

“அருமை,” என்றார் பரிசோதகர். “இப்ப குழந்தையோட நடத்திக் காட்டுங்க. பெரியவரே, நீங்களும் ஹெல்மெட் போடணும். புது விதி.”

வெண்டெலின் தொப்பி பறிபோய், தாடையோடு வார் போட்டு இறுக்கிய ஹெல்மெட் தலையில் ஏறியது. பொரோக்காவுக்கும் ஹெல்மெட். ஆனால் அது அசிங்கம் என்று அடம்பிடித்து, அதன் மேல் தன் சிவப்புக் கம்பளிக் குல்லாயை மாட்டியிருந்தாள்.

கயிற்றை இழுத்தார். பார்ஷோன் நின்றது. நாக்கைச் சொடுக்கினார். நின்றது. கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சலாம் வைத்தார். குதிரை அவரைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்தது.

“என்ன, கிளம்பாதா?”

“கிளம்பும் சார்... இந்த வாரைக் கொஞ்சம்...”

“கழட்டாதீங்க. கிளம்பலைன்னா நான் தேறலைன்னுதான் எழுதணும்.”

வெண்டெல் வாரிலிருந்து விரலை எடுத்தார். சாசேஜ் கடைக்காரனின் முகம் கண் முன்னே வந்து போனது. அழுகை முட்டியது. முகம் எப்போதும் அப்படியே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

“மாமா,” என்றது மேலேயிருந்து குரல். “அதுக்கு நீ மரியாதை வைக்கலியே.”

பொரோக்காவின் வலது கை சேணக் கைப்பிடியில் இருந்தது. அதை விட்டால் சரிந்துவிடுவாள். மிச்சம் இருந்தது இடது கைதான். நெஞ்சோடு ஒட்டிய முஷ்டி கொஞ்சம் பிரிந்தது. நடுங்கிக்கொண்டே தாடையைத் தாண்டியது, காதைத் தாண்டியது. பொரோக்கா பல்லைக் கடித்தாள், முகம் குல்லாயைவிடச் சிவந்தது. இரண்டு விரல் கம்பளியைப் பிடித்து இழுத்தன. குல்லாய் இறங்கியது.

பார்ஷோன் நடந்தது.

ஹைனல்கா வாயைப் பொத்திக்கொண்டாள். இபோல்யா வேலியில் கால் வைத்து ஏறினாள். குதிரை முழு வட்டம் போட்டு வந்து நின்றதும் பரிசோதகர் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்.

“நானும் கிராமத்தான்தான், பெரியவரே. தொப்பி எடுத்தாக் கிளம்புற குதிரையை ஒரே ஒரு வண்டியிலதான் பூட்டுவாங்க.”

குட்டு உடைந்தது. இபோல்யா வேலியைத் தாண்டி வந்துவிட்டிருந்தாள், அவள் காதிலும் விழுந்துவிட்டது. கை தானாகக் கழுத்துச் சிலுவைக்குப் போனது.

“பிணவண்டியா?”

“ஆமாம்மா,” என்றார் வெண்டெல். “பொய் சொல்லிட்டேன். குதிரைமேல தப்பில்ல.”

இபோல்யா குதிரையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மகளின் மடியில் கிடந்த இடது கையையும், அதில் இன்னும் சிக்கியிருந்த சிவப்புக் குல்லாயையும் பார்த்தாள். சிலுவையை விட்டுவிட்டு, அந்தக் குல்லாயை எடுத்து மகள் தலையில் மறுபடி மாட்டினாள்.

“இன்னொரு தடவ எடுடி, கண்ணு.”

“கை வலிக்குதும்மா. நேரமாகும்.”

இபோல்யா வெண்டெலைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. “நிக்குமா, அவ எடுக்கிற வரைக்கும்?”

“நிக்கும்மா,” என்றார் வெண்டெல். “பாதிரியார் பேசி முடிக்கிற வரைக்கும் நின்ன குதிரை இது.”

பொரோக்கா பெருமூச்சு விட்டாள். முஷ்டி மெல்ல நெஞ்சை விட்டுக் கிளம்பியது. பார்ஷோன் காதை மட்டும் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தது.