மாடிப்படிக்குக் கீழே என் பெட்டி

என் ஓரகத்தி மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்தால், எங்கள் வீட்டு சர்வர் ஏன் ஒரு மார்கழி முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்தது என்பதை யாருக்கும் விளக்க முடியாது.

அவள் என் கணவருடைய தம்பி மனைவி. குன்றத்தூரிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தவள். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் மாமியார், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வீடு, ஒரே சமையலறை. நான் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறவள். கணக்கு எழுதும் மென்பொருளை வாங்கிவிட்டுத் திண்டாடுகிற கடைக்காரர்கள் போன் செய்தால், மறுமுனையில் பொறுமையாக வழி சொல்லும் குரல் என்னுடையது. அந்தப் பொறுமை வேலை நேரத்தோடு தீர்ந்துவிடும். மற்ற நேரத்துக்கு மிச்சம் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது.

அவளுக்குச் சமையலறை. அவள் செய்யும் இட்லியை வாயில் போட்டால் அத்தையின் கண் தானாக மூடிக்கொள்ளும். "சின்னவ கை பட்டாலே மாவு பூவாயிடுது" என்பார். நான் செய்த இட்லியைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை; சட்னி இன்னும் கொஞ்சம் கேட்பார், அவ்வளவுதான். அவளாவது கொஞ்சம் கர்வமாக நடந்துகொண்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அதுவும் கிடையாது. எதற்கெடுத்தாலும் சிரிப்பு, அக்கா அக்கா என்று பின்னால் வருவாள். அவளிடம் குறை என்று சொல்ல எதுவும் இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை.

எனக்கென்று இருந்தது மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டி. அலுவலகத்தில் லேப்டாப் கொடுத்த பிறகு என் பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு, ஒன்று போனாலும் மற்றதில் எல்லாம் பத்திரமாக இருக்கும்படி செய்து, வீட்டுக்கே ஒரு சர்வராக ஆக்கினேன். யாரையும் கேட்கவில்லை, நானே படித்து நானே செய்தேன். எல்லாருடைய போனிலும் எடுக்கும் போட்டோ, வீடியோ, பிள்ளைகளின் மார்க் ஷீட், வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் ஊர் அடங்கிய பிறகு தானாக வந்து அதில் இறங்கும். ஹாலில் இருக்கும் டிவியில் எந்தக் கல்யாண போட்டோவை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். படிக்குக் கீழே இருந்த அலமாரியில் பெட்டியை நிமிர்த்தி வைக்க உயரம் போதவில்லை. அதனால் படுக்க வைத்தேன். காற்றுக்காகப் பக்கவாட்டில் இருந்த ஓட்டைகள் மேல்பக்கம் பார்த்தன.

புதிதில் ஓரகத்தியைக் கூப்பிட்டு அதன் மேல் கை வைக்கச் சொன்னேன். "எவ்ளோ சூடா இருக்கு பாத்தியா? ராத்திரி பகலா வேலை செய்யுது" என்று பெருமையடித்துக்கொண்டேன். "ஆமாக்கா, கதகதன்னு இருக்கு" என்றாள். அத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போட்டோ வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவாரே தவிர, பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மார்கழி பிறந்த சில நாளில் ஒரு காலை கொழுந்தனார் ஹாலிலிருந்து குரல் கொடுத்தார். "அண்ணி, டிவில போட்டோ எதுவும் வரல. உங்க சர்வர் படுத்துடுச்சா?"

போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. ஆனால் லேப்டாப்பிலிருந்து கூப்பிட்டால் பதில் இல்லை. கீபோர்டை நேராகச் செருகித் தட்டினாலும் அசைவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டேன். ஒன்றுமே நடக்காதது போல் எழுந்து ஓடியது. அடுத்த நாள் காலை ஒழுங்காக இருந்தது. அதற்கடுத்த நாள் மறுபடி படுத்துவிட்டது.

பிறகு எனக்கு அதுவே வேலையாகப் போயிற்று. கேபிளை மாற்றினேன். ரவுட்டரில் வேறு துளையில் செருகினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மெமரியைச் சோதித்தேன், ஒரு பிழை இல்லை. ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டும் ஆரோக்கியமாக இருப்பதாக அறிக்கை கொடுத்தன. கரண்டு ஏறி இறங்குவதால் இருக்கலாம் என்று மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடைக்குப் போய் புது பவர் சப்ளை வாங்கிவந்து மாட்டினேன். சர்வர் தானே எழுதி வைக்கும் லாகைப் படித்தால், போன்களிலிருந்து போட்டோ இறங்கத் தொடங்கியது வரை இருந்தது, அதற்கு மேல் எதுவும் இல்லை. சூடு ஏறியிருக்குமோ என்று அளந்தும் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில், பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால் சூடு எப்படித் தெரியும்? சூடு இல்லை என்று அந்தச் சந்தேகத்தை அடித்துவிட்டேன். பெட்டியின் மேல் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. பல்லி எச்சம் என்று துடைத்துப் போட்டேன்.

மிச்சமிருந்தது ஓரகத்திதான். மார்கழி என்றால் அவள் விடியற்காலையில் வாசலை அடைத்துக் கோலம் போட்டு, அதை நீளமாக வீடியோவும் எடுப்பாள். "அவ கோல வீடியோ எல்லாம் ஒண்ணா வந்து இறங்குதுல்ல, அதுலதான் மூச்சு முட்டிச் சாவுது" என்று கணவரிடம் சொன்னேன்.

"சும்மா இரு. சாம்பார்ல உப்பு கூடினாலும் உனக்கு அவதான் காரணம்" என்றார் அவர்.

கொழுந்தனார் முடிவே கட்டிவிட்டார். மாசாமாசம் பணம் கட்டினால் போட்டோ எல்லாவற்றையும் வேறு எங்கோ இருக்கும் கம்பெனி சர்வரில் வைத்துக்கொள்ளலாம், எதற்கு இந்தத் தலைவலி என்றார். எங்கள் வீட்டில் எதைத் தூக்கிப் போடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதை அத்தைதான் தீர்மானிப்பார். அவர் யோசிக்கவே இல்லை. "போகி வரைக்கும் பாரு. அப்பவும் இப்படியே படுத்துச்சுன்னா காயலான் கடைக்குப் போட்ருலாம். இடமாவது மிஞ்சும்" என்றார். அந்தப் பெட்டி போனால் அந்த வீட்டில் என்னால் ஆனது என்று காட்ட வேறு எதுவும் கிடையாது.

அதே நாட்களில் ஓரகத்தியின் கொடி இன்னும் உயரப் பறந்தது. இந்த முறை பனி கொஞ்சம் அதிகம். ஏரிப் பக்கம் காலையில் எதிரே வருகிற ஆள் தெரியாது, ஸ்டேஷனுக்கு நடப்பவர்கள் மங்கி குல்லாவுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு போனார்கள். தெருவில் யார் வீட்டிலும் மாவு பொங்கவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் பொங்கி வழிந்தது. எதிர் வீட்டு அம்மாள் இட்லியைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "என்னம்மா மந்திரம் போடற?" என்று கேட்டார். "கைப்பக்குவம்தான் ஆன்ட்டி" என்று இவள் சிரித்தாள். அத்தை அந்த அம்மாளுக்கு ஒரு டப்பா நிறையக் கட்டிக் கொடுத்தார். சர்வரில் வராத புகை என் காதில் வந்தது.

போகிக்கு முந்தைய வாரம். காலையில் தோசை. அத்தை பேசாமல் சாப்பிட்டார், பாராட்டு எதுவும் இல்லை. அன்றைக்கு சர்வரும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளாவது இரண்டு விஷயமும் எனக்குச் சாதகமாக அமைந்ததே என்று நினைத்தபடி தோசையைப் பிய்த்தேன். பிய்த்த துண்டு கையிலேயே நின்றுவிட்டது.

முந்தின நாள் இட்லி. அத்தை ஆகா ஓகோ என்றார், சர்வர் படுத்திருந்தது. அதற்கு முந்தின நாள் தோசை, சர்வர் உயிரோடிருந்தது. எதிர் வீட்டு அம்மாள் வந்த காலை இட்லி. அன்று நான் படிக்குக் கீழே குனிந்து பவர் பட்டனை அழுத்திக்கொண்டேதான் "கைப்பக்குவம்" என்பதைக் கேட்டேன். இந்த மார்கழியில் அத்தை அவளைப் புகழ்ந்த காலைகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஒன்றுவிடாமல் எல்லாக் காலையும் சர்வர் செத்த காலை. பொறாமைக்கு இருக்கிற ஞாபகசக்தி எந்த லாகுக்கும் கிடையாது. புது மாவு என்றால் இட்லி, மறுநாள் மிச்ச மாவில் தோசை. அப்படியானால் மாவு அரைத்த ராத்திரிதான் ஏதோ நடக்கிறது.

அன்று சாயங்காலம் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. "நாளைக்கு இட்லியா?" என்று தேன் ஒழுகக் கேட்டேன். "ஆமாக்கா" என்றாள். சாப்பாடு முடிந்து எல்லாரும் டிவி முன் உட்கார்ந்தபோது நான் மட்டும் எழுந்து போய்ப் படிக்குக் கீழே அலமாரிக் கதவைத் திறந்தேன்.

என் பெட்டியின் மேல், காற்று ஓட்டைகளை ஒன்றுவிடாமல் அடைத்துக்கொண்டு, பெரிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்று உட்கார்ந்திருந்தது. குளிருக்கு அடக்கமாக ஒரு பழைய டவல் வேறு சுற்றியிருந்தது. டவலின் நுனி பின்னால் தொங்கி ஃபேனையும் மூடியிருந்தது. புளிக்கத் தொடங்கிய மாவின் வாசனை. பல்லியின் மேல் பழி போட்டோமே என்று தோன்றியது.

எனக்குக் கோபம் வரவில்லை. சத்தியமாக, சந்தோஷம்தான் வந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்! எத்தனை வருஷக் காத்திருப்பு!

"எல்லாரும் வாங்க! என் சர்வர் எதனால சாவுதுன்னு வந்து பாருங்க!" என்று கத்தினேன்.

கணவர் வந்தார், கொழுந்தனார் வந்தார், அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். ஓரகத்தி நைட்டியில் கையைத் துடைத்தபடி கடைசியாக வந்தாள். நான் வக்கீல் மாதிரி எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். ஓட்டை அடைபடுகிறது, உள்ளே சூடு ஏறுகிறது, போட்டோ இறங்கும் நேரத்தில் வேலை கூடி இன்னும் கொதிக்கிறது, மூச்சடைத்து நின்றுவிடுகிறது. விடிந்ததும் இவள் பாத்திரத்தை எடுத்துவிடுகிறாள், பழி என் பெட்டிமேல் விழுகிறது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, இதனாலயா அக்கா? சத்தியமா எனக்குத் தெரியாது. பனில மாவு பொங்கவே மாட்டேங்குது. நீங்கதானே அன்னிக்கு கை வெச்சுப் பாக்க சொன்னீங்க? அந்த ஞாபகத்துலதான் வெச்சேன். காலைல கோலம் போட வரும்போது எடுத்துடுவேன்."

நான் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாத்திரத்தின் மூடியைத் தூக்கி மாவைப் பார்த்தார். பிறகு, அந்த வீட்டுக்கு அது வந்த நாளிலிருந்து முதல் முறையாக, என் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"அடி சமர்த்து!" என்றார். என்னிடம் சொல்லவில்லை. "தெருவுல அவனவன் வீட்ல மாவு கல்லு மாதிரி கெடக்குது. இவ பாரு, வீட்டுக்குள்ள சூடு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு வெச்சிருக்கா!" சின்ன மகன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, இதையா காயலான் கடைக்குப் போடணும்னே? இது இருக்கட்டும். பொங்கலுக்கு அப்புறமும் பனி இருக்கும்."

"அவ்ளோதானே? சர்வர் தப்பிச்சுடுச்சு, விடு" என்றார் கணவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் பக்கத்தில் இன்னொரு பாத்திரம் மாவை வைத்திருந்தால் அதுவும் பொங்கியிருக்கும்.

மறுநாள் இரண்டு செங்கல்லும் ஒரு பலகையும் கொண்டுவந்து, பெட்டிக்குப் பின்னால், சூடான காற்று வெளியே வரும் இடத்தில் ஒரு சாண் தள்ளி வைத்தேன். மாவுப் பாத்திரத்துக்கு அதுதான் இடம் என்று அவளுக்குக் காட்டினேன். அதற்குப் பிறகு சர்வர் ஒரு நாளும் நிற்கவில்லை. போகியன்று கிழிந்த பாயும் கால் உடைந்த நாற்காலியும் போயின, பெட்டி போகவில்லை. மாவு முன்பைவிட நன்றாகப் பொங்கியது. எதிர் வீட்டு அம்மாளிடம் அத்தை, "எங்க சின்னவ கம்ப்யூட்டர் வெச்சு மாவு பொங்க வெப்பா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் நாலு வார்த்தை திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இட்லி டப்பா கை மாறிவிட்டது.

ஆனால் ஒன்று நடந்தது. அன்றிலிருந்து கிரைண்டர் ஓடும் சாயங்காலமெல்லாம் அத்தை என் அறை வாசலில் வந்து நிற்பார். "பெரியவளே, பெட்டி சூடா இருக்கா?" என்று கேட்பார். எழுந்து போய்க் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இருக்கு அத்தை" என்பேன். ஒரு நாள் குளிர் அதிகமாக இருந்தது. பழைய கல்யாண வீடியோக்களை டிஸ்க்குக்குள்ளேயே இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று வேண்டுமென்றே நகலெடுக்க விட்டு, பெட்டியை நன்றாகச் சூடாக்கி வைத்தேன். மறுநாள் காலை புகழ் வழக்கம்போல அவளுக்குத்தான் போனது. அதற்காக அந்த வேலையை நான் நிறுத்தவும் இல்லை.

இப்போது பங்குனி வெயில். நாங்கள் படுக்கப் போவதற்குள் மாவு பொங்கிப் புளித்துவிடுகிறது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் ஃப்ரிட்ஜுக்கு ஓடுகிறாள். பலகை காலியாகக் கிடக்கிறது. சர்வர் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது, அதனால் வீட்டில் யாருக்கும் அதன் நினைப்பில்லை. அவளுடைய இட்லி மட்டும் என் தயவு இல்லாமலே பூவாக வருகிறது.

நேற்று சாயங்காலம் கிரைண்டர் ஓடியது. என் அறை வாசலுக்கு யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு நானே ஹாலுக்குப் போனேன். அத்தை டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, பெட்டி நல்லா சூடா இருக்கு" என்றேன்.

"இந்த வெயில்ல அது எதுக்கும்மா?" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.