“இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது”

காலையில் குழு கூடும் நேரம் தாண்டியும் ரஃபீக் பாயைக் காணோம். வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார்.

“இனிமே வர வேணாம்னு நீங்கதானே சிஸ்டர் சொல்லி அனுப்பிட்டீங்க?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் மனநல நர்ஸ். வார்டில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு, புதுக்கோட்டையில் ஒரு தனியார் மையம் ஐ.ஓ.பி. தொடங்கியபோது அங்கே சேர்ந்தேன். இன்டென்சிவ் அவுட்பேஷன்ட் புரோகிராம் என்று பெயர்தான் நீளம், விஷயம் எளிது. வாரத்தில் பாதி நாளுக்கு மேல் காலையில் வர வேண்டும். குழுவாகப் பேசி, கவுன்சலரைப் பார்த்து, மாத்திரை சரிபார்த்துவிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போகலாம். கட்டில் கிடையாது. எப்போதாவது ஓ.பி.யில் தலைகாட்டுவது போதாது, அட்மிஷன் போடும் அளவுக்கும் இல்லை என்பவர்களுக்கு இது.

ரஃபீக் பாய்க்கு அறந்தாங்கியில் துணிக்கடை. கடையைத் திறக்க மனமில்லாமல் வீட்டுக்குள் சுருண்டுவிட்டார். “இருந்து என்ன பண்ண?” என்றும் கேட்க ஆரம்பித்திருந்தார். இதற்கும் வராமல் நின்றால் அட்மிஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவர் முதல் நாளோடு நின்றுவிட்டால் பதறாதா?

விசாரித்தால், எங்கள் வாட்ச்மேன் முருகையா அண்ணன்! பெரிய ஆஸ்பத்திரி கேட்டில் நின்று பழகியவர். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புகிறவரிடம் ‘போயிட்டு வாங்க’ என்று யாராவது சொல்வார்களா? முந்தின நாள் பாய் கிளம்பும்போது மனசார வாழ்த்தியிருக்கிறார். “நல்லாருங்க பாய். இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது.”

“அட கிரகச்சாரமே! வாங்க வாங்கன்னு நாங்க கெடந்து மன்றாடுறோம், நீங்க வரக்கூடாதுன்னா எப்படிண்ணே?” என்று கத்தினேன்.

“நல்ல வார்த்தைதானே தாயி சொன்னேன்,” என்றார் பாவம்.

மறுபடியும் பாய் வீட்டுக்குப் போன் போட்டு அண்ணன் கையிலேயே கொடுத்தேன்.

“பாய், கேட்டுல நிக்கிறவன் பேசுறேன். வாய் தவறிருச்சு. அங்கிட்டே இருந்துராதீங்க, பஸ் ஏறி வாங்க.”

குழு கலையும் நேரத்துக்கு பாய் மனைவியோடு வந்து சேர்ந்தார். முகம் உர்ரென்று இருந்தது.

“கோவமா பாய்?”

“கோவமில்ல சிஸ்டர். ராத்திரி பூரா வருத்தம். நம்மள வரக்கூடாதுன்னுட்டாங்களேன்னு.” மனைவி பக்கம் திரும்பினார். “எதுக்குமே வருத்தம்கூட வராமல்ல கெடந்தேன் நானு!”

அவர் மனைவி அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது, சந்தோஷத்தில்தான்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். குணமாவது எப்போதும் சிரித்துக்கொண்டே வராது. சமயத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டும் வரும். அதற்கும் ஒரு டீ கொடுங்கள்.